கேஸ் ஷீட்டில் கான்ஷியஸ், ட்ரௌஸி: என்ன வித்தியாசம்?

கேள்வி (மன்னார்குடி):
அப்பா மடை திறக்கப் போய், வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடி. தஞ்சாவூரில் சேர்த்திருக்கிறோம். கேஸ் ஷீட்டில் காலையில் ‘கான்ஷியஸ், ஓரியன்டட்’, ஜி.சி.எஸ். (நினைவு நிலையை அளக்கும் எண்) 15. மதியம் ‘கான்ஷியஸ், ட்ரௌஸி’, 13. நினைவு இருக்கும்போது எண் ஏன் குறைகிறது?

பதில் (கும்பகோணம்):
நான் ஐ.சி.யு. நர்ஸ். கான்ஷியஸ் என்றால் நினைவு இருக்கிறது, அவ்வளவுதான். அலர்ட் அதற்கும் மேலே: தானாகக் கண் திறந்து, நாம் பேசுவதைக் கவனிப்பார். ஓரியன்டட் என்றால் பேர், இடம், மாதம், வருஷம் சரியாகச் சொல்வார். ட்ரௌஸி ஆனவர் கூப்பிட்டால் விழிப்பார், விட்டால் கண் சொருகும்.

ஜி.சி.எஸ். 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் கொண்டுவந்த அளவு. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. மொத்தம் 15, ஆகக் குறைந்தது 3. கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார் என்றால் ஒன்று போகும், பேச்சில் குழப்பம் என்றால் இன்னொன்று. தலையில் அடிபட்டவருக்கு 2 குறைவதை லேசாக விடாதீர்கள். ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காமல் டியூட்டி டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள்.

பதில் (நாகப்பட்டினம்):
அப்பாவுக்குக் காது மந்தமா? அதையும் சொல்லிவிடுங்கள், கேட்காமல் பதில் வராததும் உண்டு. வாந்தி, ஒரு பக்கக் கையில் வலுக்குறைவு இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கேட்டவர்:
காது நன்றாகக் கேட்கும். எந்த ஊரில் இருக்கிறோம் என்றேன், மன்னார்குடி என்றார். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திரும்ப சி.டி. ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறார்கள்.