ஓட்டம் தண்டனையானபோது: உடற்கல்விப் பாடவேளை அனுபவங்கள்

வலிகாமம், உடற்கல்வி ஆசிரியர்

யாழ்ப்பாணத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் எல்லோருக்கும் வணக்கம். 11 ஆண்டுகளாக இந்தப் பாடத்தில் நிற்கிறேன். மைதானத்தில் பிள்ளைகளை எப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பது என்ற கேள்வியோடு ஒரு சம்பவம் நெடுநாளாக என் மனதில் கிடக்கிறது. அதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தரம் 8, 41 பிள்ளைகள், உச்சி வெயிலில் ஐந்தாம் பாடவேளை. கரப்பந்தில் முன்கைகளைச் சேர்த்துப் பந்தை எடுப்பதை விளக்கிக்கொண்டு நின்றேன். இருந்த பந்துகளை எல்லாம் முதலிலேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். வாய் திறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. ஒரு பையன் தன் பந்தை உதைத்தான். அது மதிலைத் தாண்டிப் பக்கத்து மரவள்ளித் தோட்டத்துக்குள் விழுந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "மைதானத்தை மூன்று முறை சுற்றி வா" என்றேன். செம்புழுதி கிளம்ப, மூச்சு வாங்காமல் ஓடி முடித்தான். அந்தக் கோபத்திலும் இவன் நல்ல ஓட்டக்காரன் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு 1500 மீற்றர் தெரிவு நடந்தது. அவன் பெயரை நானே எழுதி வைத்திருந்தேன். நீர்க்குழாயடியில் நின்றவனை மைதானத்தின் இந்தப் பக்கத்திலிருந்து பெயர் சொல்லி, "ஓட வா" என்று கூப்பிட்டேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று. மெதுவாக நடந்து வந்து, "நான் என்ன செய்தேன், சேர்?" என்று கேட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணித ஆசிரியர் ஒருவர் தண்டனையாக 50 கணக்குகள் கொடுத்தால் பிள்ளை கணிதத்தை வெறுத்துவிடும் என்று நாமே சொல்வோம். நாமோ ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளையிடம் ஓட்டத்தை விரும்பு என்று கேட்கிறோம். கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையும் பின்னர் வந்த 12/2016 சுற்றறிக்கையும் பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்கின்றன. பிரம்பை வைத்துவிட்டோம். அது இருந்த இடத்தில் மைதானச் சுற்று வந்து உட்கார்ந்துகொண்டது. என் கையில் அப்படித்தான் நடந்தது.

பந்து மதிலைத் தாண்டியதை மறுபடி மறுபடி யோசித்தேன். கையில் பந்து இருக்கும் 13 வயதுப் பிள்ளை அதைத் தட்டாமல் என்ன செய்யும்? அதிலே பாதிப் பிழை என்னுடையது. இப்போது பேச்சு முடியும்வரை பந்துகள் வலைப்பையை விட்டு வெளியே வருவதில்லை. பேச்சும் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மிகுதியைச் செய்து காட்டிவிடுகிறேன். பிள்ளைகள் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள், நான் வெயிலைப் பார்த்து நிற்பேன். கண் கூசுகிற பிள்ளைக்குக் காது கேட்பதில்லை.

விசில் ஒருமுறை ஊதினால் பந்து கால்களுக்கு நடுவே தரையில், கைகள் முழங்காலில். தரம் 6 வந்தால் முதல் இரண்டு கிழமையும் இதை ஒரு விளையாட்டாகவே பழக்குகிறேன். எத்தனை விநாடியில் மைதானம் அமைதியாகிறது என்று அவர்களே எண்ணுவார்கள். சென்ற முறையைவிடக் குறைந்துவிட்டால் அவர்களுக்கு வரும் ஆரவாரம் கோல் அடித்த ஆரவாரம்தான்.

பாராட்டும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. எல்லோருக்கும் "கெட்டிக்காரன், கெட்டிக்காரி" என்று அள்ளி வீசினால் அது காற்றோடு போய்விடுகிறது. "பந்து வருமுன்பே முழங்காலை மடித்தாய், அதனால்தான் அது நேராகப் போனது" என்றால் அந்தப் பிள்ளை மறுமுறையும் மடிக்கிறது, பக்கத்தில் நிற்கிறவனும் மடிக்கிறான். தரம் 10, 11 பிள்ளைகளிடம் இதை ஊர் கேட்கச் சொல்லக்கூடாது, கூச்சப்படுவார்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போது அருகில் நடந்தபடி சொன்னால் போதும்.

எல்லை மீறும் பிள்ளைக்கு வேப்பமரத்தடியில் ஒரு கூம்பு வைத்திருக்கிறேன். அங்கே போய் இரண்டு நிமிடம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதன்பின் எப்போது திரும்பி வருவது என்பதை அவனே தீர்மானிப்பான். வரும்போது, இனி என்ன செய்வேன் என்று ஒரு வசனம் என்னிடம் சொல்ல வேண்டும். "இனிச் செய்யமாட்டேன், சேர்" என்பதை நான் ஏற்பதில்லை. "பந்தை எறியுமுன் அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பேன்" என்பது போல இருக்க வேண்டும். இந்த எண்ணம் எனக்கு டொன் ஹெலிசன் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியரிடமிருந்து வந்தது. நகரத்துப் பின்தங்கிய பிள்ளைகளோடு வேலை செய்தே அவர் பொறுப்புணர்வின் ஐந்து படிகளை வகுத்தார்: மற்றவரை மதித்தல், முயற்சி செய்தல், தானாக இயங்குதல், பிறருக்கு உதவுதல், இவற்றை மைதானத்துக்கு வெளியேயும் கொண்டுபோதல். முதல் படியில் நிற்கும் பிள்ளையை நான்காம் படியில் எதிர்பார்த்து நான் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன்.

தீவகம், ஆசிரியர்

உங்கள் வலைப்பை பற்றிப் படித்ததும் சிரமப்பட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் சிறிய பாடசாலையில் 28 பிள்ளைகளுக்கு உருப்படியான பந்து ஒன்றுதான் இருந்தது. இரண்டு நீண்ட வரிசை. ஒரு பிள்ளை எறியும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். தள்ளுமுள்ளு, மண் அள்ளி எறிதல், அடிபிடி எல்லாம் அந்த வரிசையில்தான். நான் "சத்தம் போடாதே" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனேன்.

பிறகு ஒரு நாள் ஒரே ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். 40 நிமிடப் பாடவேளையில் அந்தப் பையன் பந்தைத் தொட்டது நான்கு தரம். வேறு நேரமெல்லாம் நின்றான். நான் அவனுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் தள்ளியிருப்பேன்.

பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து, சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி இறுக்கிப் பந்துகள் செய்தோம். பிள்ளைகளே செய்தார்கள். இப்போது நால்வருக்கு ஒரு பந்து. தோற்றால் வெளியே போய் உட்காரும் விளையாட்டுகளையும் விட்டுவிட்டேன். பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுகிற பிள்ளைதான் அவற்றில் முதலில் வெளியேறும். கிளித்தட்டில்கூடப் பிடிபட்டவர் வெளியேறாமல் கட்சி மாறும்படி விதியை மாற்றினோம்.

ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் 1970இல் சொன்னது என் அனுபவத்தோடு அப்படியே ஒட்டுகிறது. நல்ல ஆசிரியரும் தடுமாறும் ஆசிரியரும் குழப்பம் நடந்த பின் கண்டிக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லையாம். குழப்பம் வருமுன் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசமாம். நான் இப்போது மைதானத்தின் நடுவில் நிற்பதே இல்லை. ஓரமாகச் சுற்றி நடக்கிறேன். எவருக்கும் என் முதுகு தெரியாது.

வடமராட்சி, ஆசிரியை

பெண் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தரம் 9இல் ஒரு மாணவிக்கு உடற்கல்வி நாளென்றால் வயிற்றுக்குத்து. பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பல் என்று நினைத்துப் பகுதித் தலைவருக்குப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு தரம். அதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் கட்டாயப்படுத்தி வலைப்பந்துக்கு இறக்கினேன். ஐந்து நிமிடத்துக்குள் பந்தை இன்னொரு பிள்ளையின் முகத்தில் ஓங்கி எறிந்துவிட்டாள். மூக்கால் இரத்தம் வந்தது.

எல்லோர் முன்னாலும் கேட்காமல், அடிபட்ட பிள்ளையை முதலில் கவனித்துவிட்டு, இவளை என்னோடு பந்துகளைக் களஞ்சிய அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கை வேலையாக இருக்கும்போது வாய் திறக்கும் பிள்ளைகள் உண்டு. நான்காவது பந்தை வைக்கும்போது சொன்னாள்: "என்னைப் பனை என்று கூப்பிடுகிறார்கள், ரீச்சர்." வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம் அவள். அதனால் கூனியே நடப்பாள். மைதானத்தில் நின்றால் அந்த உயரம் எல்லோருக்கும் தெரிகிறதாம், பக்கத்து வகுப்புப் பையன்கள் யன்னலால் பார்க்கிறார்களாம்.

எறிந்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, கேட்டாள். அதோடு பட்டப்பெயர் சொல்வது எங்கள் மைதானத்தில் பந்தால் அடிப்பதற்குச் சமம் என்று அந்த வகுப்பு தானே ஒரு விதி எழுதியது. விதிகளைப் பிள்ளைகள் எழுதும்போது "செய்யாதே, செய்யாதே" என்று அடுக்குவார்கள். நான் ஒவ்வொன்றையும், என்ன செய்ய வேண்டும் என்று திருப்பி எழுதச் சொன்னேன். "பட்டப்பெயர் சொல்லாதே" என்பது "அவரவர் பெயரால் கூப்பிடுவோம்" என்றாயிற்று. வலைப்பந்தை யன்னல்கள் இல்லாத பின்புறத்துக்கு மாற்றினேன். பாவாடைக்குள் காற்சட்டை அணிய முன்கூட்டியே வகுப்பில் ஐந்து நிமிடம் கொடுக்கிறேன். மாதவிடாய் நாட்களில் புள்ளி குறிப்பவராகவோ நடுவராகவோ இருக்கலாம், காரணம் கேட்கமாட்டேன்.

ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி அவளிடம் தனியாகச் சொன்னேன். 208 சென்ரிமீற்றர் உயரம், இலங்கை வலைப்பந்து அணிக்காகக் கோல் எறிந்தவர். "அவவையும் பனை என்று கூப்பிட்டிருப்பார்களா, ரீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது வளையத்தின் கீழ் நிற்கிறாள். சில நாட்களில் இன்னமும் மரத்தடிக்குப் போய்விடுகிறாள். போகட்டும் என்று விடுகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

தம்பி, நான் பிரம்போடு மைதானத்தில் நின்றவன். அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்ந்தோம், சொல்லியே வளர்த்தோம். இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்க்கும்போது நான் வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஈட்டியும் குண்டும் எறியும் இடத்தில் மென்மையாகப் பேச நேரமில்லை. அங்கே அதட்டு. பிள்ளை அழுதாலும் அதட்டு.

இன்னொன்று. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றபோது நான் சின்னப் பையன். அதன்பின் வேலி, கதியால், மாட்டுக்கயிறு எதைக் கண்டாலும் பாய்ந்தோம். எவரும் எங்களைப் பாயச் சொல்லவில்லை. உன் கதையைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஒரு தாய், நல்லூர்

என் மகளுக்கு விஞ்ஞானக் கொப்பி முடிக்கவில்லை என்று உடற்கல்விப் பாடவேளையை மறித்து வகுப்பில் இருத்தினார்கள். ஓடச் சொல்வது தண்டனையென்றால், ஓட விடாமல் வைத்திருப்பதும் தண்டனைதானே? அந்த ஒரு பாடவேளைக்காகத்தான் அவள் கிழமை முழுதும் காத்திருப்பாள். பரீட்சை நெருங்கினால் அதையும் வேறு பாடத்துக்கு எடுத்துவிடுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள்தான் இதற்காக வாய் திறக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது ஓடுகிறானா?

வலிகாமம், உடற்கல்வி ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொன்னது சரி. எங்கள் பாடசாலையில் இதை அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் முன் வைக்கிறேன்.

ஐயா, எறிதல் நிகழ்ச்சிகளில் நீங்கள் சொல்வதுபோலத்தான் செய்கிறேன். எல்லோரும் எறிந்து முடித்து, நான் விசில் ஊதிய பிறகுதான் ஈட்டியை எடுக்கப் போகலாம். அதிலே பேச்சுக்கு இடமே இல்லை. அந்த ஒரு அதட்டலுக்குப் பிள்ளைகள் உடனே நிற்க வேண்டுமென்றால், மற்ற நேரங்களில் நான் வீணாகக் கத்தாதிருக்க வேண்டும்.

அந்தப் பையனிடம், அவனுடைய வகுப்பின் முன்னாலேயே, அன்று ஓடச் சொன்னது பிழை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஒன்றும் பேசவில்லை. இப்போது தரம் 10. தடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் பொறுப்பு அவனுடையது. வளைவில் என்னைவிடத் திருத்தமாகப் போடுகிறான். இந்த ஆண்டு அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடத் தானே பெயர் தந்தான். 1500 மீற்றருக்கு இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.