புதுப்பிப்பு: இறால் கம்பெனிக்குப் பயிற்சி மென்பொருள், முடிவெடுத்தாச்சு

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நான் வேலை பார்க்கும் இறால், நண்டு பதப்படுத்தும் யூனிட்டில், சுகாதாரப் பாடங்களை யார் முடித்தார்கள், யார் தேறினார்கள் என்று கணக்கு வைக்க எந்த மென்பொருள் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மூடுல் (Moodle) என்ற பயிற்சி மென்பொருளை வைத்துவிட்டோம்.

முதலில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் ஒன்றைச் சோதித்தோம். பாடத்தைக் கடைசிப் பக்கம்வரை தள்ளியவர்கள் எல்லாருக்கும் ‘முடிந்தது’ என்று பச்சை விழுந்தது, கேள்வியில் தவறியவர்களுக்கும்கூட! கை கழுவும் முறை தெரியாதவர் இறால் உரிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? தோண்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எங்கள் பாடங்கள் ஸ்கார்ம் (SCORM) 1.2 வடிவம், அதாவது பாடம் தன் நிலையையும் மதிப்பெண்ணையும் மென்பொருளுக்குச் சொல்லும் ஒரு பொது முறை. அதில் நிலையைச் சொல்ல ஒரே கட்டம்தான். முடித்ததும் தேறியதும் அதற்குள்ளேயே அடங்கணும். ஸ்கார்ம் 2004 என்ற அடுத்த பதிப்பில்தான் இரண்டையும் பிரித்தார்கள். அதனால் எதை வாங்கினாலும் மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். மூடுலில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு என்று நிபந்தனை வைத்திருக்கிறோம்.

மென்பொருள் இலவசம், சர்வர் செலவு மட்டும் உண்டு.

பாம்பனிலிருந்து வரும் அக்காமார் வீட்டில் சிக்னல் நிற்காது. மூடுல் ஆப்பில் பாடத்தை இறக்கிவைத்துப் படிக்கிறார்கள். நெட் கிடைத்ததும் மதிப்பெண் ஏறிவிடுகிறது. அடுத்து ஐஸ் பிளான்ட் ஆட்களையும் சேர்க்கிறோம்.