உதவி: அம்பாசடர் மார்க் 3, டியூனிங் முடித்தும் மலை ஏறும்போது நின்றுவிடுகிறது

பொள்ளாச்சி மார்க்3:
அவசரம் நண்பர்களே. வண்டிக்கு இப்போதுதான் முழு டியூனிங் முடிந்தது. ஊருக்குள் குறை சொல்ல முடியாது. வால்பாறை ரோட்டில் ஏறினால் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பிக்கப்பும் முன்போல இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். என்னவாக இருக்கும்?

ஈரத்துணி:
வேப்பர் லாக், சந்தேகமே வேண்டாம். பானட்டுக்குள் சூடு ஏறி பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிறது. ஏ.சி. பம்ப் (என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்) மேல் நனைத்த துணியைச் சுற்றுங்கள். அந்தக் காலத்து டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் செய்ததுதான்.

கேள்விக்குறி:
பெட்ரோலா, டீசலா? பழைய 1489 சி.சி. என்ஜினா, இசுசு 1.8 மாற்றியதா? பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் எந்தக் கம்பெனி, எஸ்.யூ.வா, சோலெக்ஸா? முழு டியூனிங் என்றால் எதையெல்லாம் கழற்றினார்கள், எதைப் புதிதாகப் போட்டார்கள்? முக்கியமாக, எப்படி நிற்கிறது? சாவியைத் திருப்பின மாதிரி டப்பென்றா, இல்லை திணறித் திணறியா? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

மதுரை பத்மினி:
அங்கே நின்றால் வரையாடாவது கண்ணில் படும் ப்ரோ, கவலைப்படாதீர்கள் :)

பி சீரிஸ்:
இதே கேள்விக்குப் பல முறை எழுதியாயிற்று. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. டியூனிங் என்றாலே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது என்று நினைக்கும் தலைமுறை இது. வரிசை இதுதான்: முதலில் டேப்பட் (வால்வு இடைவெளி), அடுத்து சி.பி. பாயிண்ட் (கரண்டை வெட்டி பிளக்கில் ஸ்பார்க் வரவைப்பது), அப்புறம் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் 0.025. டேப்பட்டுக்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை செட் செய்ய வேண்டும், ஏழு திறந்திருந்தால் இரண்டை. இது தெரியாத மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் இப்படித்தான் ஆகும்.

ட்வின்கார்ப்:
பிக்கப் வேண்டுமென்றால் இரட்டை எஸ்.யூ. போட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே 1489 சி.சி. பி-சீரிஸ் என்ஜின்தான். 72 குதிரைத்திறன் எடுத்தார்கள்.

பி சீரிஸ்:
பிளாக் அதே குடும்பம்தான். ஹெட், கேம், கம்ப்ரெஷன், எக்ஸாஸ்ட் எல்லாம் வேறு. கார்புரேட்டரை மட்டும் இரண்டாக்கினால் பெட்ரோல் செலவுதான் இரண்டாகும். மலையில் நின்றுபோகிற வண்டிக்கு இது ஒரு யோசனையா?

ஆலைப்புகை:
யாருமே E20 பற்றிப் பேசவில்லையே! பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டிகளுக்கு அது விஷம். என்ஜினையே அரித்துவிடும். பிக்கப் போனதற்கு அதுதான் காரணம்.

கேள்விக்குறி:
இரும்பு பிளாக்கை அரிக்காது. பழைய ரப்பரைத்தான் பதம் பார்க்கும்: ஹோஸ், பம்ப் டயாப்ரம். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட் செட்டிங்கில் கலவை கொஞ்சம் லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் பற்றாது. எஸ்.யூ. என்றால் ஜெட் நட்டைத் துளி இறக்கினால் சரி. வண்டியே நின்றுபோகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஆலைப்புகை:
மைலேஜ் குறைந்தது எனக்குத்தானே தெரியும்?

கேள்விக்குறி:
மைலேஜ் குறையும், யார் இல்லை என்றது? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. விஷம் என்றதற்குத்தான் மறுப்பு.

ஈரத்துணி:
எத்தனால் கலந்தால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். அதனால் வேப்பர் லாக்தான்.

பி சீரிஸ்:
எத்தனாலை விடுங்கள். 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க நிறுத்தினார்களே, அப்போது யார் கவலைப்பட்டீர்கள்? ஈயம் இல்லாவிட்டால், கடின சீட் போடாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்கும், இடைவெளி அடைந்துபோகும். டேப்பட் சத்தம் குறைந்தது என்று சந்தோஷப்படுவார்கள். சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும். பிக்கப் இல்லை என்பவர் முதலில் இதைப் பார்க்கட்டும். (பார்க்க மாட்டார்.)

பொள்ளாச்சி மார்க்3:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெட்ரோல், 1489, எஸ்.யூ. கார்புரேட்டர், ஏ.சி. பம்ப். டப்பென்றுதான் நிற்கிறது, திணறல் எதுவும் இல்லை. பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதிது. காயிலும் (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுப்பது) மாற்றினார்கள், ஸ்பார்க் அதிகம் வரும், ஸ்போர்ட்ஸ் காயில் என்று. ஈரத்துணி சுற்றிப் பார்த்தேன், அப்படியும் நின்றது.

வயரிங் பெட்டி:
காயிலைப் பற்றி இப்போதுதான் சொல்கிறீர்கள்! டப்பென்று நின்றால் முதலில் கரண்ட் பக்கம் பாருங்கள். பெட்ரோல் தட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் குலுக்கி, இழுத்துத்தான் நிற்கும். இரண்டு வேலை செய்யுங்கள்.

இக்னிஷனை அணைத்து, காயிலின் இரண்டு சிறிய டெர்மினல் வயர்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 3 ஓம் பக்கம் இருந்தால் நேரடி 12 வோல்ட் காயில். 1.5 பக்கம் என்றால் அது பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் தடை) போட வேண்டியது. ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் போகும். காயில் கொதிக்கும், பாயிண்ட் முகம் கருகிப் பள்ளம் விழும். ஊருக்குள் தெரியாது, நீண்ட ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த முறை நின்ற உடனே, ஆற விடாமல், ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி பிளாக்கில் ஒட்டி வைத்து செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். கசியும் பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. இன்சுலேஷன் உள்ள கொறடு வேண்டும். ஸ்பார்க் நீலமாகச் சொடுக்க வேண்டும். மஞ்சளாக நூல்போல வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்விக்குறி:
அதோடு டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்றை இழுத்தால் மூடியின் துளை அடைத்து, பெட்ரோல் வராமல் தடுக்கிறது.

ட்வின்கார்ப்:
பாயிண்ட்டே வேண்டாம், எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுத் தலைமுழுகுங்கள்.

பி சீரிஸ்:
வால்பாறை ரோட்டில் ராத்திரி அந்த மாட்யூல் போனால் என்ன செய்வீர்கள்? பாயிண்ட்டை ஒரு துண்டு உப்புத்தாளில் தேய்த்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ட்வின்கார்ப்:
உப்புத்தாளைத் தேடி எடுப்பதற்குள் நான் வீட்டில் இருப்பேன்.

ஆலைப்புகை:
எப்படியும் E20தான் என்பது என் கருத்து.

பொள்ளாச்சி மார்க்3:
1.6 காட்டியது. ரெசிஸ்டர் எங்கேயும் இல்லை. பாயிண்ட்டில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பழைய காயில் 3.1, அதையே மாட்டிப் புது பாயிண்ட் போட்டேன். அந்த ஒன்பதாவது வளைவைத் தாண்டி அட்டகட்டி வரை நிற்காமல் ஏறியது. நன்றி வயரிங் பெட்டி சார்.

பி சீரிஸ்:
டேப்பட் பார்த்தீர்களா? பிக்கப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

கேள்விக்குறி:
டேங்க் மூடி?

ஈரத்துணி:
அன்றைக்கு மேலே குளிராக இருந்திருக்கும்.

மதுரை பத்மினி:
பொள்ளாச்சி அண்ணா, அந்த ஸ்போர்ட்ஸ் காயில் சும்மாதானே கிடக்கிறது? விலை சொல்லுங்கள். பாலஸ்ட் நான் வாங்கிக்கொள்கிறேன்.