புல்தரையைப் படிக்க நான்கு ஆண்டுகள் வேண்டுமா?

தாமிரபரணிக்கரை:

என் தம்பி இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு இளமறிவியல் தோட்டக்கலைப் படிப்பில் கோயம்புத்தூரிலோ பெரியகுளத்திலோ இடம் கிடைக்கும் அளவுக்குக் கட் ஆஃப் இருக்கிறது. ஆனால் அவனுக்கு மாமரத்திலோ மல்லிகையிலோ நாட்டம் இல்லை. கிரிக்கெட் மைதானம், கோல்ஃப் மைதானம், பெரிய பூங்கா ஆகியவற்றை உருவாக்கிப் பராமரிக்கும் வேலைக்குத்தான் போக வேண்டும் என்கிறான். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தோட்டக்கலை, நில எழிலூட்டும் கலை (லேண்ட்ஸ்கேப்பிங்), விளையாட்டுப் புல்தரை மேலாண்மை மூன்றும் சேர்ந்த ஒரே பட்டப்படிப்பு இருப்பதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். அங்கே அனுப்பும் வசதி எங்களுக்கு இல்லை. "புல் வெட்டுவதற்கு நாலு வருஷப் படிப்பா?" என்று அப்பா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: உள்ளூர்ப் பட்டம் அவனுக்கு உதவுமா?

ரோலர்காரன்:

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நான் பத்தொன்பது ஆண்டுகளாக மைதானத்தில் வேலை செய்கிறேன், பட்டம் எதுவும் இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் வீட்டுச் சாவியை ஆடுகளத்தில் அழுத்திப் பார்ப்பேன். அது எவ்வளவு இறங்குகிறது, வெளியே எடுக்கும்போது மண் அதில் ஒட்டுகிறதா உதிர்கிறதா என்பதைக் கொண்டு, ரோலரை இன்னும் எத்தனை முறை ஓட்டுவது என்று முடிவு செய்வேன். இதை எந்த வகுப்பறையிலும் கற்றுத்தர மாட்டார்கள். மொகாலி ஆடுகளத்தை உருவாக்கியவரும் கிரிக்கெட் வாரியத்தின் மைதானக் குழுவுக்குத் தலைமை வகித்தவருமான தல்ஜித் சிங், முதல்தர கிரிக்கெட் ஆடிய விக்கெட் கீப்பர். ஆடியவர்களும் ஆடுகளத்துக்கு மண் சுமந்தவர்களும்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். ஆடுகளப் பராமரிப்பாளர்களுக்கு வாரியமே பயிற்சி வைத்துச் சான்றிதழும் தருகிறது.

பாடத்திட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழம், காய்கறி, மலர், நறுமணப் பயிர், மலைத்தோட்டப் பயிர், பூச்சி, நோய் என்று நான்கு ஆண்டுகளும் ஓடும். புல்தரை என்பது நில எழிலூட்டும் கலைப் பாடத்தில் ஒரு மூலையில் வந்துபோகும். ஒரு மூலைக்காக நான்கு ஆண்டுகளா?

வேர்முடிச்சு:

ரோலர்காரன் ஐயாவின் சாவியை நான் மதிக்கிறேன். ஆனால் சாவி இரண்டு அங்குலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது.

நான் இதே தோட்டக்கலைப் படிப்பை முடித்து, இப்போது நில எழிலூட்டும் பணிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனியார் பள்ளியின் கால்பந்து மைதானத்தைப் பார்க்க அழைத்திருந்தார்கள். புல் போட்டு ஓராண்டு கூட ஆகவில்லை. மழைக்காலத்தில் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, மேலே பாசி படர்ந்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மழை நின்ற நாட்களிலெல்லாம் ஸ்பிரிங்க்ளரை ஓட்டியிருக்கிறார்கள். நான் கத்தியால் ஒரு சதுரம் வெட்டிப் புரட்டினேன். நான்கு விரற்கடை ஆழத்தில் கரிக்கோடு போட்டதுபோல ஒரு கறுப்புப் பட்டை. முகத்தருகே கொண்டுபோனதும் அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாமல் நீர் தேங்கிய மணலில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குவதன் அடையாளம் அது. கீழே கட்டட இடிபாட்டைக் கொட்டி இறுக்கி, வடிகால் குழாய் வைக்காமல், மேலே கல்தூசி நிறைந்த எம் சாண்டைப் பரப்பியிருந்தார் ஒப்பந்தக்காரர். புல்லுக்குத் தாகமே இல்லை, அது மூழ்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-லேயே கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அமைப்பதற்கு ஒரு முறையை வகுத்தது. 10 செ.மீ. சரளை, அதன்மேல் 30 செ.மீ. மணல் கலவை, அந்தக் கலவையில் குறைந்தது 60 விழுக்காடு துகள்கள் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும். ஏன் அந்த அளவு, துகள் சிறுத்தால் நீர் ஏன் இறங்காது என்பதை எனக்கு விளக்கியது இரண்டாம் ஆண்டில் நான் சலித்துக்கொண்டே படித்த மண்ணியல் பாடம்தான். புல்தரை பாடத்திட்டத்தின் மூலையில் இருக்கலாம் ஐயா, ஆனால் அது நிற்கும் மண்ணும் நீரும் பாடத்திட்டம் முழுக்க இருக்கின்றன.

ரோலர்காரன்:

அம்மா, நீங்கள் சொன்னது ஒப்பந்தக்காரரின் பேராசை. இடிபாட்டின்மேல் புல் வளராது என்பது என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும். பட்டம் பெற்று வருபவர்கள் எத்தனை பேர் ஏப்ரல் வெயிலில் நிற்கிறார்கள்? வருகிறார்கள், உர அட்டவணை ஒன்றைத் தருகிறார்கள், குளிரூட்டிய அறைக்குப் போய்விடுகிறார்கள். செம்மண் ஆடுகளத்தில் பந்து எழும்பும், கரிசல் ஆடுகளத்தில் தாழ்ந்து மெதுவாக வரும். சேப்பாக்கத்தில் இரண்டு வகையும் உண்டு. இதைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை.

வேர்முடிச்சு:

கண்டுபிடித்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான காரணம் தெரிந்தால் புதிய ஊரிலும் அது பயன்படும். கரிசலில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் நீரைத் தன் அடுக்குகளுக்கிடையே உறிஞ்சி வீங்கும். ஈரத்தை எளிதில் விடாது, காய்ந்தால் அகலமாகப் பிளக்கும். செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அது அவ்வளவு வீங்காது, விரைவில் உலர்ந்து இறுகும். நீங்கள் அறிந்திராத ஓர் ஊரிலிருந்து ஒரு லாரி மண் வந்து இறங்கினால், பரிசோதனை அறிக்கையைப் பார்த்து அது எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். சாவியைக் கொண்டு சொல்வதற்கு ஒரு பருவம் முழுக்க ஆட வேண்டும்.

புல்லுக்கும் இது பொருந்தும். 1960-இல் ஜார்ஜியாவின் டிஃப்டனில் வெளியிடப்பட்ட டிஃப்வே 419, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லுக்கும் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றுக்கும் பிறந்த கலப்பினம்; மும்மய இனம் (மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்டது) என்பதால் அதில் முளைக்கும் விதை உண்டாகாது, தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் பெருக்க வேண்டும். "419 விதை" என்று அச்சிட்ட பொட்டலத்தைப் பணம் கொடுத்து வாங்கி ஏமாந்த ஒரு நிர்வாகத்தை எனக்குத் தெரியும்.

கோட்டுச்சித்திரம்:

நான் கட்டடக்கலைஞர். புல்லைப் பற்றிய சண்டையில் நான் நுழையவில்லை. பூங்கா வடிவமைப்பைப் பற்றி மட்டும் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. தோட்டக்கலை முதுநிலையில் மலரியலும் நில எழிலூட்டும் கலையும் படிக்கலாம், அதில் புல்தரை மேலாண்மையும் உண்டு. ஆனால் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயர் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உரியது. நில வடிவமைப்புக்கான கட்டடக்கலை முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டத்தைக் கேட்கும். வரைபடத்தில் கையொப்பமிடும் வேலைதான் அவனுடைய ஆசை என்றால், இப்போதே வேறு வாசலைத் தட்ட வேண்டும்.

லிஃபிக்கரைத் தமிழன்:

டப்ளினில் வசிக்கிறேன். வசதி இல்லையே என்று தம்பி வருந்த வேண்டியதில்லை. இங்குள்ள படிப்பு நல்ல படிப்பு, அதற்குள்ளேயே களப்பணிக் காலமும் உண்டு. ஆனால் இங்கே வளர்ப்பது குளிர்காலப் புல்வகைகள். அவற்றுக்கு 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் உகந்தது. 2001 முதல் விம்பிள்டனில் முழுக்க முழுக்க ரை புல்தான்; 8 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறார்கள். அதே புல்லைச் சென்னை மே மாதத்தில் வைத்தால் கருகிவிடும். அருகு இனத்துக்கு 27 முதல் 35 பாகை வரை வேண்டும். வடிகால், மண், இயந்திரம் பற்றிய அறிவு எங்கும் செல்லும்; புல்லைப் பற்றிய கைப்பழக்கத்தை வேலை செய்யப்போகும் ஊரின் வெயிலில்தான் பெற வேண்டும்.

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் நன்றி. எங்கள் ஊரில் 'டர்ஃப்' என்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் புல்தான். அப்பா மனத்தில் இருந்ததும் அதுவே என்பது நேற்று இரவு பேசியபோதுதான் தெரிந்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மைதான வேலை அமையாவிட்டால் இந்தப் பட்டம் வீணாகுமா?

வேர்முடிச்சு:

வீணாகாது. தோட்டக்கலை அலுவலர் பணிக்கு அரசுத் தேர்வாணையத் தேர்வு எழுதலாம். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வும் உண்டு. 1848-இல் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவும் 2010-இல் திறந்த சென்னைச் செம்மொழிப் பூங்காவும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. புல்தரை மோகம் அங்கேயும் தீரும்.

ரோலர்காரன்:

இந்தத் தேர்வுகளையெல்லாம் சொன்னால் அப்பாக்கள் சமாதானமாகிவிடுவார்கள், தெரிந்ததுதான். நான்கு ஆண்டுகள் அதிகம் என்ற என் கருத்து மாறவில்லை. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் மட்டும் எனக்கு இன்றுதான் தெரிந்தது. எங்கள் மைதானத்தின் வடக்கு மூலையிலும் மழைக்காலத்தில் அந்த வாடை வரும், சாக்கடை என்று நினைத்திருந்தேன். நாளைக் காலை அங்கே வெட்டிப் பார்க்கப் போகிறேன்.

தம்பி எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் விடுமுறையில் என்னிடம் அனுப்புங்கள். ஆட்டத்துக்கு முன்பு வேண்டாம், அப்போது ஆடுகளம் மணப்பெண் போல இருக்கும், எதுவும் தெரியாது. ஆட்டம் முடிந்த மறுநாள் விடிவதற்குள் வரட்டும். பந்துவீச்சாளர்களின் கால் பதிந்து பிய்ந்த குழியை நனைத்து, மண் நிரப்பி, இடித்து மூடும் வேலையிலிருந்து தொடங்கலாம்.