கோயம்புத்தூரில் புது ஃபிளாட்: விலைக்கு மேல் என்னென்ன வரி வரும், யார் பெயரில் எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கொட்டகலை_தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் தம்பி குடும்பம் 70களில் தலைமன்னார் கப்பலேறி இந்தியா போனது. முதலில் கோத்தகிரி, இப்போது கோயம்புத்தூர். அம்மாவின் இருதய வைத்தியம் அங்கேதான் நடக்கிறது. மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்ததும் அங்கே படிக்க ஆசைப்படுகிறாள். ஒவ்வொரு முறையும் சித்தப்பா வீட்டில் போய் இறங்குவது அவர்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அதனால் சரவணம்பட்டிப் பக்கம் கட்டி முடிக்கிற நிலையில் இருக்கும் ஒரு ஃபிளாட்டைப் பார்த்திருக்கிறோம். என் கணவர் டோஹாவில் உழைத்த காசும், அப்பாவின் சேமிப்பும்தான் முதல்.

பில்டர் தந்த பேப்பரில் இருப்பது: வீடு 44 லட்சம், மூடிய கார் பார்க்கிங் 3 லட்சம், ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்குக் கீழே பதிவுச் செலவு, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, கார்பஸ் ஃபண்ட் (கட்டடத்தின் பொதுச் செலவுக்கான வைப்பு நிதி), ஒரு வருடப் பராமரிப்பு என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் நேரே தொகை எழுதாமல் "ஆக்சுவல்" (ஆகிற செலவு) என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்கு உள்ளே புழங்கும் இடம், 780 சதுர அடி. வீட்டைப் பிடித்து வைக்க உடனே 10 லட்சம் கட்டச் சொல்லி தினமும் போன் வருகிறது.

இங்கே இலங்கையில் காணி வாங்கினால் முதல் லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதோடு நொத்தாரிசின் கூலி, அவ்வளவுதான். அங்கே மொத்தம் எவ்வளவு வரும்? நாங்கள் எல்லோரும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள். அதனால் ஏதும் சிக்கல் உண்டா?

நோர்வூட்_சிவா

தங்கச்சி, ரொம்ப யோசிக்காதீங்க. சித்தப்பா இந்தியப் பிரஜைதானே? அவர் பெயரிலேயே எழுதிடுங்க. காசை உண்டியல்ல (பேங்க் இல்லாம ஆள் மூலமா அனுப்புறது) போட்டா ரெண்டு நாள்ல கைக்குப் போயிடும். எங்க பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் வாங்கியிருக்காங்க.

பண்டாரவளை_கணக்காளர்

சிவா அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் தேன்மொழி, அந்த வழியில் தயவுசெய்து போகாதீர்கள். காசு உங்களுடையது, வீடு உங்களுக்கு, பெயர் மட்டும் சித்தப்பாவுடையது என்றால் அதற்கு இந்தியாவில் பினாமி என்று பெயர். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். வீட்டை அரசு எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, பெயர் கொடுத்த சித்தப்பாவும்தான்.

சரி, அன்பளிப்பாகக் கொடுத்ததாகக் காட்டலாமே என்றால் அதிலும் ஒரு முடிச்சு. சித்தப்பா உங்களுக்குக் கொடுத்தால் அங்கே வரி இல்லை. நீங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தால், 50,000 ரூபாயைத் தாண்டியதும் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகிவிடும். ஏனென்றால் வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெற்றோரின் உடன்பிறப்பு உண்டு, உடன்பிறப்பின் பிள்ளை இல்லை. உங்கள் அப்பா தன் தம்பிக்குக் கொடுத்தால் வரி இல்லை. ஆனால் அப்போது அது உண்மையிலேயே சித்தப்பாவின் வீடு. அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளின் வீடு.

வரிக் கணக்குக்கு முன்னால் இன்னொன்று. இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளில் இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, நேபாளம் உள்ளிட்ட சில நாட்டுப் பிரஜைகளுக்கென்று தனி விதி உண்டு. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அவர்கள் அங்கே வீடோ நிலமோ வாங்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் அனுமதி தேவையில்லை. பில்டரின் ஆள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார், சொல்வதால் அவருக்கு லாபமும் இல்லை.

ஆனால் வழி இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுப் பிரஜைகளுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருந்ததா? தேடிப் பாருங்கள்.

கொட்டகலை_தேன்மொழி

அண்ணா, இருக்கிறது! நேற்று அப்பாவிடம் கேட்டேன். தாத்தாவுக்கு 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, கடவுச்சீட்டும் வந்திருக்கிறது. புறப்பட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது 1984இல் கப்பல் நின்றுபோனது. தாத்தா கடைசி வரை தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அந்தக் கடவுச்சீட்டை அப்பா தகரப் பெட்டியில் காணி உறுதிகளோடு வைத்திருந்தார். அட்டை கறையான் அரித்திருக்கிறது. ஆனால் படம், இலக்கம், சீல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. இது உதவுமா?

பண்டாரவளை_கணக்காளர்

உதவுமாவா? உங்களுக்கு வேண்டிய முக்கியமான பேப்பரே அதுதான். 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்தியப் பிரஜையாக இருந்த ஒருவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கலாம். அப்பா, நீங்கள், உங்கள் மகள் மூவருமே அதற்குள் வருகிறீர்கள். தாத்தாவிலிருந்து உங்கள் வரை பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் தொடர்ச்சியாக வர வேண்டும். தோட்டத்துப் பதிவுகளில் ராமசாமி ஓரிடத்தில் ராமசாமியாகவும் இன்னோரிடத்தில் ராமனாகவும் இருக்கும். அதை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, விசாரிக்கக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

அட்டை வந்ததும் வீடு, ஃபிளாட், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டக் காணி, பண்ணை வீடு வாங்க முடியாது. கோத்தகிரியில் தேயிலைக் காணி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னாலும் கையை நீட்டாதீர்கள். பத்திரத்தில் கணவர் பெயரையும் சேர்க்க நினைத்தால் அவருக்கும் ஓ.சி.ஐ. வேண்டும்.

பணம் வங்கி வழியாக மட்டும் போக வேண்டும். உண்டியலில் போன காசுக்கு எந்தத் தடயமும் இருக்காது, நாளைக்கு வீட்டை விற்றால் அந்தப் பணத்தை வெளியே கொண்டுவரவும் முடியாது. அப்பாவின் சேமிப்பு இங்கிருந்து போவதாக இருந்தால், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் எவ்வளவு அனுப்பலாம் என்று உங்கள் வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இப்போது அந்த 10 லட்சம். கட்டாதீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது, ரேரா என்கிற இந்திய வீடு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீடும் பார்க்கிங்கும் சேர்ந்த 47 லட்சத்துக்கு அது 4 லட்சத்து 70 ஆயிரம். அவர் கேட்பது அதைவிட இரு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. கட்டடம் முடிந்துவிட்டது என்று அதிகாரிகள் தரும் நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு முழுப் பணத்தையும் கட்டினால் அந்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சான்றிதழுக்கு முன்னால் ஒரு தவணை கட்டினாலும் முழு விலைக்கும் ஜி.எஸ்.டி. விழும். 47 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 2,35,000 ரூபாய். இன்றைக்கு நீங்கள் முன்பணம் கட்டுவதுதான் அந்த வரியையே உண்டாக்குகிறது. வேலை முடிகிற நிலையில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓ.சி.ஐ. வர எப்படியும் காலமெடுக்கும், அதற்குள் சான்றிதழும் வந்துவிடலாம். பில்டர் அப்போது விலையைக் கொஞ்சம் ஏற்றக்கூடும். ஏற்றினால் எவ்வளவு என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கோவை_பத்திர_எழுத்தர்

வணக்கங்க. நான் இங்க சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து பத்திரம் எழுதறவன். மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரிங்க. ஜி.எஸ்.டி.ல இன்னொரு விஷயம் இருக்குது. மொத்த விலை 45 லட்சத்துக்குள்ள, கார்ப்பெட் 90 சதுர மீட்டருக்குள்ள இருந்தா வரி 5 இல்லீங்க, 1 சதவீதம்தான். கோயம்புத்தூருக்கு 90, சென்னைக்கு 60. உங்களுது 780 சதுர அடின்னா சுமார் 72 சதுர மீட்டர், அளவு உள்ளயே இருக்குது. விலைதான் தாண்டுது. பார்க்கிங்கையும் விலையோட சேர்த்துத்தான் பாப்பாங்க. 44 வீடு, 3 பார்க்கிங், கூட்டினா 47. உங்களுக்குக் கார் இல்லீன்னா, பார்க்கிங் வேண்டாம்னு கேட்டுப் பாருங்க. 44 லட்சத்துக்கு 1 சதவீதம் 44,000 தாங்க. பார்க்கிங் காசும் மிச்சம். ஆனா அதைத் தனி ரசீதுல வாங்கிக்கறேன்னு அவங்க சொன்னா ஒத்துக்காதீங்க.

பத்திரச் செலவு சொல்றேன். 2023 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல புது ஃபிளாட்டோட முதல் விற்பனைக்குக் நிலத்துப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்புன்னு கொண்டுவந்தாங்க. 50 லட்சம் வரைக்கும் முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும் 5ம் 2ம், 7 சதவீதம். பழைய வீட்டை வாங்கினா 9 சதவீதம் வரும். உங்க 47 லட்சத்துக்கு 1,88,000மும் 94,000மும் சேர்த்து 2,82,000. நீங்க கொடுக்கற விலையை விட அரசு மதிப்பு அதிகமா இருந்தா அந்த மதிப்புக்குத்தான் கட்டணும். அதனால அந்தக் கட்டடத்துக்கு என்ன மதிப்புன்னு முன்னாடியே பாத்துக்குங்க. விலை 50 லட்சத்தைத் தொட்டா வாங்கறவரே விற்கறவருக்குக் கொடுக்கற பணத்துல 1 சதவீதம் டி.டி.எஸ்.னு வருமான வரி பிடிச்சு அரசுக்குக் கட்டணும், உங்களுக்கு அது வராது.

"ஆக்சுவல்"னு எழுதின இடத்துக்கெல்லாம் தொகை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க. மின் இணைப்புக்கு எத்தனை, கார்பஸ் எத்தனை, அது யார் கணக்குல இருக்கும், சங்கத்துக்கு எப்ப கைமாறும். பராமரிப்பு முன்பணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவாங்க, அதையும் கேட்டுக்குங்க. பதிவுக்கு பான் அட்டை (வருமான வரி எண் அட்டை) வேணுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்குது.

கொட்டகலை_தேன்மொழி

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிவா அண்ணா, நீங்களும் அக்கறையில்தான் சொன்னீர்கள், தப்பாக எடுக்கவில்லை.

நேற்று பில்டரின் ஆபீஸோடு பேசினேன். சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னார்கள். அது வந்த பிறகு மொத்தமாகக் கட்டுகிறேன் என்றதும் குரல் மாறியது. பிறகு மேலாளர் வந்து 47 லட்சத்தை 48 ஆக்கிக்கொள்ளலாம் என்றார். 48 லட்சத்துக்கு 6 சதவீதம் 2,88,000. கூட்டினால் 50,88,000. இப்போதே கட்டினால் 47, ஜி.எஸ்.டி. 2,35,000, பத்திரம் 2,82,000, மொத்தம் 52,17,000. காத்திருந்தால் 1,29,000 ரூபாய் மிச்சம், அம்மாவின் மருந்துக்கு ஆகும். அந்த வீடு விற்றுப் போனாலும் பரவாயில்லை, வேறு வீடு பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ரேரா பதிவு எண்ணும் வாங்கிவிட்டேன்.

ஓ.சி.ஐ.க்கு முதலில் அப்பா பெயரில் போடப் போகிறோம். கடைசியாக ஒன்று. அப்பாவால் பஸ்ஸிலும் பிளேனிலும் அலைய முடியாது. பதிவு நாளுக்கு அவர் நேரில் போயே ஆக வேண்டுமா?

கோவை_பத்திர_எழுத்தர்

வேண்டியதில்லீங்க. உங்க ஊர்ல நொத்தாரிசே எல்லாம் முடிச்சுக் கொடுப்பார்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க வாங்கறவரும் விற்கறவரும் சார்பதிவாளர் முன்னாடி வந்து போட்டோ எடுத்துக் கைரேகை வைக்கணும். வர முடியலீன்னா சித்தப்பாவுக்குப் பவர் (அவருக்குப் பதிலா கையெழுத்துப் போடற அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். அப்பா கண்டி உதவி உயர்ஸ்தானிகராலயத்துல அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போடட்டும். அந்தப் பேப்பர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரை போட்டாகணும், அதை மட்டும் விட்டுடாதீங்க. பவர்ல "வாங்கவும் பதிவு செய்யவும்"னு மட்டும் எழுதுங்க. விற்கவும் அடமானம் வைக்கவும்னு யாராவது சேர்த்து டைப் அடிச்சுக் கொடுத்தா, அந்த வரியை அடிச்சுட்டு வேற பேப்பர் கேளுங்க. சித்தப்பா மேல சந்தேகப்பட்டுச் சொல்லலீங்க. வாங்கறதுக்கு அந்த வரி தேவையே இல்லை.