லூபஸ் உள்ளவர்கள் குளோரோபில் பானம் குடிக்கலாமா?

வசந்தி, பட்டர்வொர்த்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. லூபஸ் என்று 2019-இல் உறுதியானது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம், ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மில்லிகிராம், இரண்டும் தினமும் சாப்பிடுகிறேன். ஒன்றரை ஆண்டாக நோய் அடங்கியிருக்கிறது. கன்னத்துத் தடிப்பு மறைந்துவிட்டது. என்னை வாட்டுவது களைப்புதான். மாலை நான்கு மணிக்கெல்லாம் பத்துக் குடம் தண்ணீர் சுமந்தவள் போல உட்கார்ந்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்து மூன்று புட்டிகளை மேசைமேல் வைத்தார். பச்சைக் குளோரோபில் பானம், ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை, மஞ்சள் சத்துக் குளிகை. மூன்றும் சேர்ந்து 340 ரிங்கிட் இருக்கும். அவர் நேரடி விற்பனையில் சேர்ந்திருக்கிறார். ஆனால் என்னிடம் ஒரு சென்கூட வாங்கவில்லை. என் சீப்பில் முடி கொத்தாக வந்த நாளில் உடன் உட்கார்ந்து அழுதவர் அவர். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு கரண்டி பச்சைத் திரவத்தைத் தண்ணீரில் விட்டேன். பாசி பிடித்த குளம் போல நிறம் விரிந்தது. குடிக்கப் போன நேரத்தில் புட்டியில் இருந்த வரி கண்ணில் பட்டது: ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’. என் நோயே எதிர்ப்புச் சக்தி வழி தவறி என் உடம்பையே அடிப்பதுதானே? அதை இன்னும் கூட்டினால் என்ன ஆகும்? தம்ளரை அப்படியே வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் இவற்றைச் சாப்பிட்டால் ஸ்டீராய்டை விட்டுவிடலாம் என்று அந்த விற்பனையில் நாத்தனாருக்கு மேலே இருப்பவர் சொன்னாராம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குமரன், ஆயர் ஈத்தாம்:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. ப்ரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு மூட்டுகளை வாட்டும் முடக்குவாதம். வெள்ளிக்கிழமை தோறும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவன். 2017-இல் வலி தாங்காமல் இரவுச் சந்தையில் கறுப்பு உருண்டை மாத்திரை வாங்கினேன். வெறும் மூலிகை என்றார் விற்றவர். இரண்டே நாளில் மடங்காத விரல்கள் மடங்கின. கெக் லோக் சி கோயில் படிகளை எங்கும் நிற்காமல் ஏறினேன். தெய்வ மருந்து என்று நம்பி அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்குச் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

நான்கு மாதத்தில் முகம் பந்து போல ஊதியது. முன்பு இல்லாத சர்க்கரையும் வந்தது. பிறகு ஒரு வாரம் அந்த வியாபாரி சந்தைக்கு வரவில்லை, என் மாத்திரையும் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் ஓயாத வாந்தி. குளியலறையில் விழுந்து கிடந்தவனைத்தான் மனைவி பார்த்தாள். மருத்துவமனைக்கு அவள் கையோடு எடுத்து வந்த காலிப் பொட்டலத்தில் ஒட்டியிருந்த தூளைச் சோதித்ததில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துக்கொண்டே இருந்ததால் உடம்புக்குள்ளேயே ஸ்டீராய்டு சுரக்க வேண்டிய என் அட்ரீனல் சுரப்பி வேலையை விட்டுவிட்டதாம். திடீரென்று அது நின்றதும் உடம்புக்குத் தாங்க வழியில்லை.

மூலிகை எதுவும் முடக்குவாத வலியை இரண்டு நாளில் விழுங்கிவிடாது. அப்படி விழுங்கினால் உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்று பொருள்.

ஓய்வு பெற்ற மருந்தாளுநர், குளுகோர்:

வசந்தி, அந்தத் தம்ளரைக் கீழே வைத்தது நல்ல காரியம். குளோரோபில் பானம் பெரும்பாலும் அல்ஃபால்ஃபாவிலிருந்து எடுப்பது. நம் ஊர்ப்பக்கம் மாட்டுக்குப் போடும் குதிரை மசால்தான் அது. அந்தச் செடியில், குறிப்பாக விதையிலும் முளையிலும், கானவனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அல்ஃபால்ஃபா முளை தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது. அடங்கியிருந்த லூபஸ் அல்ஃபால்ஃபா மாத்திரைக்குப் பிறகு திரும்பியதாக 1983-இல் நோயாளிகளைப் பற்றியும் எழுதினார்கள். உங்கள் புட்டியில் எவ்வளவு கானவனின் இருக்கிறதென்று யாரும் அளந்து சொல்லப் போவதில்லை. லூபஸ் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

ஸ்பைருலினாவும் எதிர்ப்புச் செல்களைத் தூண்டக்கூடியது. எக்கினேசியா என்ற மூலிகையும் அப்படித்தான். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சமையல் மஞ்சளால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ரசத்தில் தாராளமாகப் போடலாம். குளிகை வேறு. அதில் செறிவூட்டிய சத்தோடு மிளகுச் சத்தையும் சேர்த்திருப்பார்கள், மஞ்சள் இரத்தத்தில் பல மடங்கு ஏறும். அப்படிப்பட்ட குளிகையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக் கசிவு அபாயமும் இருக்கிறது. குமரன் தம்பி, மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து என்பதால் உங்களுக்கும் இது பொருந்தும்.

எந்தப் புட்டியானாலும் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண்களுக்குப் பின் ‘டி’ வந்தால் பாரம்பரிய மருந்து, ‘என்’ வந்தால் ஊட்டச்சத்துத் துணைப்பொருள். சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்து இணையப் பக்கத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். எண் இருந்தாலும் அது உங்கள் நோய்க்கு ஒத்துவரும் என்று ஆகிவிடாது.

களைப்புக்குக் காரணம் தேடுங்கள். இரும்புச் சத்து, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். லூபஸ்காரர்கள் வெயிலை ஒதுக்குவதால் வைட்டமின் டி பலருக்குக் குறைந்திருக்கும். ஸ்டீராய்டு எலும்பைக் கரைப்பதால் கால்சியமும் தேவைப்படலாம். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு அமிலமுறி மருந்து சாப்பிட்டால் ஹைட்ராக்சிகுளோரோகுயினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள்.

இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். மாத்திரை வாங்கும் முகப்பிலேயே மருந்தாளுநர் இருப்பார். பெயரை எழுதிக்கொண்டு போகாமல் புட்டிகளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாந்தி, செந்தூல்:

எனக்கு ஹாஷிமோட்டோ, எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டேன். தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இரத்தப் பரிசோதனை காட்டியது, மாத்திரையைக் குறைக்கப் பார்த்தார்கள். நல்லவேளையாக ஒரு தாதி கேட்டார். பயோட்டின் சோதனையையே பொய்யாக்கும். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் எண்கள் சரியாக இருந்தன. முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் இரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள் வசந்தி.

வசந்தி, பட்டர்வொர்த்:

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் போனேன். தனியாகப் போயிருந்தால் நான் குறை சொல்வதாக அவர் நினைத்திருப்பார். மருந்தாளுநர் புட்டியைத் திருப்பி அல்ஃபால்ஃபா என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். நாத்தனார் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தார். வரும் வழியில் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, ‘இது தெரியாமல் இன்னும் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டேன் அண்ணி’ என்றார். அன்று இரவே நால்வருக்கும் தொலைபேசியில் சொன்னார். எனக்கு இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். குமரன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் மாமியாரின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். முழங்கால் வலிக்கு ஆறு மாதமாக ஒரு குளிகை சாப்பிடுகிறார். பொட்டலத்தில் எம்ஏஎல் எண் இல்லை. முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. வயதாவதால் என்று நினைத்திருந்தேன். குப்பையில் போட்டுவிடட்டுமா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர், குளுகோர்:

போடாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. குமரன் தம்பியை வீழ்த்தியது அந்தத் திடீர் நிறுத்தம்தான். நாளைக் காலையே பொட்டலத்தோடு மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், ஆறு மாதக் கணக்கையும் சொல்லுங்கள். இரவில் வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.