ஆறு மணிக்குச் சூரியன் மறையும் என்று யார் சொன்னது?

பழைய லென்ஸ்
நம் இணைய மன்றத்தில் மேலே ஒட்டி வைத்திருக்கும் 'தீவில் கல்யாணம்: முழு வழிகாட்டி'யை நேற்றுதான் பொறுமையாகப் படித்தேன். எழுதியவர் நம் அலைமகள். அதில் ஒரு வரி: "வெப்பமண்டலத் தீவு எதுவானாலும் ஆறு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்குச் சடங்கைத் தொடங்குங்கள், மோதிரம் மாற்றும்போது வானம் செக்கச்செவேல் என்று இருக்கும்."

எதுவானாலும்! பதினெட்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஹவாயில், ஹொனலுலுவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது 7.17க்கு. நவம்பர் கடைசியில் 5.48க்கு. ஒரே தீவு, ஒரே கடற்கரை, ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஜூனில் இவர் பேச்சைக் கேட்டு ஐந்தரைக்குத் தொடங்கினால் செக்கச்செவேல் என்று இருக்கப்போவது வானம் அல்ல, மாப்பிள்ளையின் முகம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் முந்நூறு படத்தை ஆல்பத்தில் போட்டு என்ன செய்வது?

அலைமகள்
வணக்கம் லென்ஸ் ஐயா. வழிகாட்டியில் நாலாயிரம் வார்த்தை இருக்கிறது. விமான இணைப்பு, மழை வந்தால் மாற்று இடம், மணலில் குதிகால் செருப்பு புதைவது, மைக்கில் காற்று இரைவது எல்லாம் எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டது ஒரு வரி. சந்தோஷம்.

என் தங்கை கல்யாணம் செஷல்ஸில், நவம்பரில். திட்டமிட்டது முழுக்க நான். சூரியன் மறைந்தது ஆறு அடித்துப் பன்னிரண்டு நிமிஷத்தில். இதைத்தான் உலகத்தில் எல்லாரும் ஆறு மணி என்பார்கள்.

பழைய லென்ஸ்
ஆறு மணி என்றால் ஆறு மணி. ஆறே கால் அல்ல.

அதே செஷல்ஸில் பிப்ரவரியில் 6.40 ஆகும். மொரீஷியஸில் ஜனவரியில் 6.55, ஜூன் தொடக்கத்தில் 5.40 கூட ஆகாது. 'தீவு எதுவானாலும்' என்று எழுதியவர் ஒரு தங்கை கல்யாணத்தை வைத்து உலகத் தீவுகளுக்கெல்லாம் மணி அடித்திருக்கிறார்.

தெற்குத்திசை
ஒரு சின்ன விளக்கம் கேட்கலாமா? 'மறைவு' என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு தொடுவானுக்குக் கீழே போவதையா, வெளிச்சம் போவதையா? 'வெப்பமண்டலம்' என்பதும் அப்படித்தான். கடகரேகை முதல் மகரரேகை வரை, நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய 23.4 பாகை. 4 பாகையில் இருக்கும் செஷல்ஸில் பகல் நீளம் வருடம் முழுக்க அவ்வளவாக மாறாது. 21 பாகையில் இருக்கும் ஹவாயில் நன்றாகவே மாறும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துக்கொண்டு பேசினால்...

கடுகு
வகுப்பு ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் நோட்டை எடுங்கள்.

அலைமகள்
லென்ஸ் ஐயா, 6.12க்கு மறைந்தால் அதற்குப் பிறகும் அரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சுவிட்சை அணைத்த மாதிரி இருட்டிவிடும் போலிருக்கிறது.

பழைய லென்ஸ்
கிட்டத்தட்ட சுவிட்ச்தான் அம்மா. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கடலில் இறங்கும். அதைவிட்டு விலகிப் போகப்போகச் சாய்வாக இறங்குவதால் அந்தி நீளும். செஷல்ஸ் மாதிரி இடத்தில் மறைந்த பிறகு இருபது நிமிஷம் சொச்சம், அவ்வளவுதான் வெளிச்சம். அதில் முதல் பத்து நிமிஷம் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள், அடுத்த பத்து நிமிஷம் மாமாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். குடும்பப் படத்தை மறைவுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று தலைகீழாக நின்று சொல்வேன், பிளானர் மண்டையை ஆட்டுவார், அப்புறம் அவர் பாட்டுக்கு நடத்துவார். வழிகாட்டியைப் படித்திருப்பார்!

நாற்காலி 43
எனக்கு மணி பற்றித் தெரியாது. விருந்தாளியாகப் போனவன். "ஆறுக்குச் சூரியன் மறையும், நாலரைக்கே வந்து உட்காருங்கள்" என்றார்கள். உட்கார்ந்தோம். வெயில். நாற்காலியின் பின்கால் இரண்டும் மணலில் இறங்கிக்கொண்டே போக, ஏழு மணிக்குச் சூரியன் மறையும்போது நான் வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். ஆக, உண்மையில் நல்ல காட்சி எனக்குத்தான் கிடைத்தது.

விமானச் சீட்டும் நான்தான் வாங்கினேன், அறை வாடகையும் நான்தான் கொடுத்தேன் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

பழைய லென்ஸ்
பார்த்தீர்களா? ஏழு மணி. சாட்சியே வந்துவிட்டது.

அலைமகள்
எந்தத் தீவு, எந்த மாதம் என்றே சொல்லாதவர் சாட்சியா?

பழைய லென்ஸ்
'எதுவானாலும்' என்று எழுதியது நீங்கள். அப்புறம் எந்தத் தீவு என்று ஏன் கேட்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மாலத்தீவில் பல ரிசார்ட்டுகள் கடிகாரத்தைத் தலைநகர் மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னே வைத்திருக்கும். 'தீவு நேரம்' என்பார்கள். விருந்தினருக்குப் பகல் கூடுதலாகக் கிடைத்த மாதிரி இருக்குமாம். எனக்கு இது நேரடியாக வாய்த்தது. எந்த ரிசார்ட் என்று சொல்லமாட்டேன். சடங்கு ஆறு மணி என்றார்கள். ரிசார்ட் கடிகாரப்படி. ஒப்பனைக்கு வந்த பெண் போனில் இருந்த மாலே நேரத்தைப் பார்த்தாள். மணமகள் வந்து நிற்கும்போது சூரியன் போய்ச் சேர்ந்திருந்தது. ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். பின்னால் கடல் கறுப்பாக, மை கொட்டின மாதிரி. எங்கே எடுத்தாலும் அந்தப் படம் வந்திருக்கும், கடல் எதற்கு?

அலைமகள்
ஒரு நிமிஷம். மாலே நேரப்படி அங்கே சூரியன் எப்போது மறையும்?

பழைய லென்ஸ்
மாதத்தைப் பொறுத்தது. 5.50லிருந்து 6.20 வரை.

அலைமகள்
அதாவது ஆறு மணி. நன்றி ஐயா.

பழைய லென்ஸ்
அது ஆறு மணி இல்லை! அரை மணி நேர இடைவெளி. ரிசார்ட் கடிகாரத்தில் 6.50லிருந்து 7.20. விருந்தாளி கையில் கட்டியிருப்பது எந்தக் கடிகாரம்?

கடுகு
மணி என்னங்க மணி, நாளையே முழுங்கின தீவு இருக்கிறது. சமோவா 2011இல் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. டிசம்பர் 29 வியாழக்கிழமை ராத்திரி படுத்தவர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். 30ஆம் தேதி கல்யாணம் வைத்திருந்தால் லென்ஸ் அண்ணா யார் மேல் வழக்குப் போட்டிருப்பார் என்று யோசிக்கிறேன்.

தெற்குத்திசை
கடுகு சொல்வது பொருத்தமான விஷயம். கடிகார நேரம் மனிதர் வைத்தது. அதனால்தான் 'ஆறு மணி' என்பதை முதலில் வரையறுக்கச் சொன்னேன்.

அலைமகள்
இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். போன வருடம் இதே இடத்தில் ஒரு பெண்ணுக்கு "பௌர்ணமி அன்று வையுங்கள், படம் பிரமாதமாக வரும்" என்று அறிவுரை சொன்னது யார்? பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தான் கடல் மற்ற நாளைவிட அதிகமாக ஏறும். அந்தப் பெண் அப்புறம் எழுதியதை நான் படித்தேன். பூ வளைவின் கால் தண்ணீரில். நீங்கள் அதற்குப் பதிலே போடவில்லை.

பழைய லென்ஸ்
பௌர்ணமி வேண்டும் என்று கேட்டது அந்தப் பெண். நிலா கடலுக்கு மேலே எழும்பும் என்று சொன்னேன், எழும்பியது. கடல் ஏறும் நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும், அட்டவணையைப் பார்ப்பது பிளானர் வேலை. நான் படம் எடுப்பவன், மீனவன் இல்லை.

தெற்குத்திசை
எல்லாத் தீவுக்கும் ஐம்பது நிமிஷம் பொருந்தாது. தாஹிட்டியில் கடல் நிலவைவிடச் சூரியனின் இழுப்புக்கே கட்டுப்படுகிறது. நடுப்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி ஏறும், காலை மாலை ஆறு மணி வாக்கில் இறங்கும். ஏற்ற இறக்கமும் ஓர் அடி சுமார்தான்.

அலைமகள்
மாலை ஆறு மணி! தாஹிட்டி கடலுக்கே தெரிந்திருக்கிறது.

பழைய லென்ஸ்
அது கடல் இறங்குவது அம்மா, சூரியன் இறங்குவது இல்லை.

நாற்காலி 43
எனக்கு இன்னொரு சந்தேகம். இவ்வளவு செலவு செய்து போய் நான் பார்த்தது கல்யாணமா, நாடகமா? கையெழுத்து எல்லாம் ஊரிலேயே போட்டுவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கடுகு
அதில் என்ன தப்பு? இந்தோனேசியாவில் 1974ஆம் வருடச் சட்டப்படி முதலில் மதச் சடங்கு, அப்புறம்தான் பதிவு. காகிதம் திரட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் வெளிநாட்டு ஜோடிகள் நிறையப் பேர் ஊரில் பதிவு செய்துவிட்டு அங்கே சடங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஹவாய் சுலபம். அங்கே குடியிருக்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை, உரிமத்தை வாங்கி 30 நாளுக்குள் முடித்துக்கொள்ளலாம்.

நாற்காலி 43
அப்போது நான் பார்த்தது நாடகம்தான். நாடகத்துக்கு நாமே அறை வாடகை கொடுப்பது எனக்கு முதல் அனுபவம்.

கடுகு
உங்களை யார் போகச் சொன்னது? வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். போய்ப் படுத்துக்கொண்டு வானம் பார்த்துவிட்டு இங்கே கணக்கு ஒப்பிக்கிறீர்கள்.

நாற்காலி 43
என் நண்பன் கல்யாணம். உங்களுக்கு நண்பர்கள் இருந்தால் புரிந்திருக்கும்.

பழைய லென்ஸ்
பேச்சை மாற்றாதீர்கள். ஆறு மணி பற்றி இன்னும் பதில் வரவில்லை.

அலைமகள்
மழைக்காலம், புயல்காலம் பற்றி நான் எழுதிய பகுதியில் ஒரு பிழை சொல்லுங்கள் பார்ப்போம். நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாகாது, அங்கே தேதி வைத்தால் நிம்மதி என்று எழுதியிருக்கிறேன்.

தெற்குத்திசை
'பெரும்பாலும் உருவாகாது' என்று திருத்திக்கொள்ளுங்கள். காற்றைச் சுழல வைக்கப் பூமியின் சுழற்சி தரும் விசை அங்கே மிகக் குறைவு என்பது சரிதான். ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், ஒன்றரைப் பாகையை ஒட்டியே உருவானது.

பழைய லென்ஸ்
'எதுவானாலும்', 'உருவாகாது'. இந்த வழிகாட்டியில் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குத் தடை போலிருக்கிறது.

மேமாதப் பெண்
வணக்கம். புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு மே 15 பாலியில் கல்யாணம். மேலே எல்லாவற்றையும் படித்துவிட்டுக் குழம்பிப்போனேன். சடங்கை எத்தனை மணிக்குத் தொடங்கட்டும்? யாராவது சொல்லுங்களேன்.

அலைமகள்
வாழ்த்துகள் கண்ணா! மே நடுவில் பாலியில் சூரியன் மறைவது 6.07. கவனிக்கவும் லென்ஸ் ஐயா: ஆறு, பூஜ்யம், ஏழு.

பழைய லென்ஸ்
அதே பாலியில் பிப்ரவரித் தொடக்கத்தில் 6.47. நாற்பது நிமிஷத்தை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?

அலைமகள்
அவள் பிப்ரவரியில் கல்யாணம் செய்யவில்லை. மேயில் செய்கிறாள். ஆறு மணி.

பழைய லென்ஸ்
ஆறு ஏழு.

அலைமகள்
ஏழு நிமிஷத்துக்காக ஒரு மனிதர் மூன்று நாளாகத் தூங்காமல் இருக்கிறார்!

தெற்குத்திசை
மேமாதப் பெண்ணே, பாலியில் எந்தக் கடற்கரை? அதைப் பொறுத்துத்தான் இந்தக் கேள்விக்கே அர்த்தம்.

மேமாதப் பெண்
சனூர். அழைப்பிதழ் போன வாரமே அச்சுக்குப் போய்விட்டது, 'மாலை 6 மணியளவில்' என்று போட்டிருக்கிறோம். பரவாயில்லையா?

தெற்குத்திசை
சனூர் கிழக்குப் பக்கக் கடற்கரை. அங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மாலையில் சூரியன் ஹோட்டலுக்குப் பின்னால் இறங்கிவிடும். செவ்வானம் கடல்மேல் வேண்டுமானால் மேற்குப் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் விடியற்காலையில் வைக்க வேண்டும்.

பழைய லென்ஸ்
'6 மணியளவில்'! அளவில் என்றால் என்ன அளவு? வழிகாட்டியில் 'அளவில்' என்று போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இந்தப் பெண்ணுக்கு இருக்கும் பொறுப்பு கூட...

அலைமகள்
ஆறு மணி என்றாலே ஆறு மணியளவில்தான். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

பழைய லென்ஸ்
அப்படியானால் இவர் ஏன் எழுதினார்?

மேமாதப் பெண்
ஹோட்டலுக்குப் பின்னாலா?

கடுகு
'அளவில்' என்றால் என் கணக்குப்படி முன்னே பின்னே முக்கால் மணி நேரம். நாற்காலி 43 என்ன சொல்கிறார்?

நாற்காலி 43
உங்களோடு நான் பேசுவதில்லை.

பழைய லென்ஸ்
முக்கால் மணி நேரம் எல்லாம் கிடையாது. கால் மணி. அதற்கு மேல் போனால் அது 'அளவு' இல்லை, அலட்சியம். எழுதிக்கொள்ளுங்கள் அலைமகள் அவர்களே, அடுத்த வழிகாட்டிக்கு உதவும்.